மான் பிரியான் ஆய்வுக்கு எந்தச் சுண்டெலி?

கேள்வி: கால்நடை நோயியலில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்), வெள்ளைவால் மான் ஆகியவற்றின் திசுக்களில் சி.டபிள்யூ.டி. எனப்படும் நாள்பட்ட உடல் தேய்வு நோயின் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரபணு மாற்றிய சுண்டெலிதான் வேண்டும் என்கிறார் வழிகாட்டி. சாதாரண ஆய்வகச் சுண்டெலி போதாதா? அதற்கு நோய் வரவில்லை என்றால் திசுவில் தொற்று இல்லை என்று எழுதிவிடலாமா?

பதில்: போதாது, எழுதவும் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இந்நோயை உண்டாக்கும் பிரியான் வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. உருமாறிப்போன ஒரு புரதம். உடலில் ஏற்கெனவே இருக்கும் இயல்பான பிரியான் புரதத்தைத் தன் வடிவத்துக்குத் திருப்பித்தான் அது பெருகுகிறது. அந்தப் புரதமே இல்லாத உடலில் அதற்கு வேலை இல்லை. அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு ஸ்கிரேப்பி என்னும் ஆட்டு நோயின் பிரியானைச் செலுத்தியும் நோய் வரவில்லை என்பது 1993-லேயே தெரிந்துவிட்டது. புரதம் இருந்தாலும் அமினோ அமில வரிசை ஒத்துவராவிட்டால் உருமாற்றம் தடுமாறும். இதைத்தான் இனத் தடை என்கிறோம். மானின் பிரியானைச் சாதாரண சுண்டெலியின் மூளையிலேயே செலுத்தினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தச் சுண்டெலி நலமாக இருப்பது உங்கள் திசுவைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

2004-ல் இந்தத் தடை விலகியது. சுண்டெலியின் சொந்தப் பிரியான் மரபணுவை நீக்கி, மானின் மரபணுவைப் புகுத்தினார்கள். நோயுற்ற மானின் மூளைத் திசுவைச் செலுத்தியதும் அவற்றுக்கு 7 முதல் 9 மாதத்தில் நோய் வந்தது. அப்புறம்தான் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கத் தொடங்கியது. நோயுற்ற மானின் தொடைத் தசையிலும் தொற்று உண்டு என்று 2006-ல் தெரிந்தது. அறிகுறி தோன்றுவதற்கு மாதக்கணக்கில் முன்பே மானின் சாணத்தில் தொற்று வெளியேறுகிறது என்பது 2009-ல். வேட்டையாடிய இறைச்சியை உண்பவர்களுக்கும், மேய்ச்சல் நிலம் எப்படி மாசுபடுகிறது என்று தேடியவர்களுக்கும் இவை மிக முக்கியமான செய்திகள்.

சரி, எந்தச் சுண்டெலி? மேலே சொன்னவை மான் புரதத்தை இயல்பைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்பவை. நோய் சீக்கிரம் வரும், குறைந்த அளவுத் தொற்றும் சிக்கும். 'தொற்று இருக்கிறதா' என்பது மட்டும் கேள்வி என்றால் இவையே போதும். நிணநீர்க் கணுக்களில் பிரியான் எப்படிப் பரவுகிறது, வாய்வழியாக எப்படி நுழைகிறது என்று பார்ப்பதானால் வேறு வகை வேண்டும். சுண்டெலியின் மரபணு இருந்த அதே இடத்தில் மான் மரபணுவை வைத்து, இயல்பான அளவில் புரதம் உண்டாகும்படி செய்த சுண்டெலிகள் 2019-ல் வந்தன. அந்த வேலைக்கு நான் தயங்காமல் இவற்றையே சொல்வேன்.

எல்க் திசுவையும் மான் திசுவையும் ஒரே வகைச் சுண்டெலியில் போட்டு ஒப்பிடாதீர்கள். இரண்டின் புரதமும் 226-ஆவது இடத்தில் வேறுபடும்: மானில் குளூட்டமின், எல்க்கில் குளூட்டமேட். ஒரே ஒரு அமினோ அமிலம்தான், ஆனால் எந்தப் பிரியான் வகை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதையே அது மாற்றிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சில வெள்ளைவால் மான்களில் 96-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் இருக்கும். அத்தகைய மான்களில் நோய் மெதுவாகவே முற்றும். அந்தச் செரின் புரதம் கொண்ட சுண்டெலிகளுக்கு வழக்கமான சி.டபிள்யூ.டி. பிரியானைச் செலுத்தியபோது நோய் வரவில்லை. எதிர்ப்புத்திறன் கொண்டவை என்றே எழுதினார்கள். பிறகு, வேறு மரபணு வகை மானிலிருந்து எடுத்த எச்95+ என்னும் இன்னொரு பிரியான் வகை அதே சுண்டெலிகளை நோயில் தள்ளியது. சுண்டெலி மாறவில்லை, பிரியானின் வடிவம்தான் மாறியது. ஆகவே, 'இந்த வகைப் பிரியான், இந்தப் புரதம் கொண்ட சுண்டெலியில், இவ்வளவு காலத்தில் நோய் உண்டாக்கவில்லை' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

மனிதப் பிரியான் புரதம் கொண்ட சுண்டெலிகளிலும் இதே கவனம் தேவை. 2005-ல் வெளிவந்த ஆய்வில் அவற்றுக்கு நோய் வரவில்லை. 2022-ல் வெளிவந்த வேறொரு ஆய்வில் வழக்கத்துக்கு மாறான வடிவில் வந்தது. மனிதரிடம் இந்நோய் வந்ததாக இன்றுவரை உறுதியான ஒரு சம்பவமும் இல்லை. சுண்டெலி முடிவைக் கொண்டு இரு பக்கமும் அவசரப்படக் கூடாது.

செய்முறையில், ஒப்பீட்டுக்காக நலமான மானின் திசு செலுத்திய சுண்டெலிகளைக் கட்டாயம் வையுங்கள். புரதத்தை மிக அதிகமாக உற்பத்தி செய்யும் சில வகைகள் வயதாகும்போது தாமாகவே நரம்புக் கோளாறுக்கு ஆளாகும். வால் விறைப்பு, முதுகு கூனல், தள்ளாடும் நடை ஆகியவற்றை வாரந்தோறும் குறித்துக்கொள்ளுங்கள். யார் எந்தத் திசுவைப் பெற்றது என்று தெரியாதவர் குறிப்பது நல்லது. நோய் வராமல் முதுமையில் இறந்த சுண்டெலியின் மூளையைத் தூக்கி எறியாதீர்கள். பாதியை உறையவைத்து, பாதியை ஃபார்மலினில் போடுங்கள். உறைந்த பாதியை, மிகக் குறைந்த பிரியானையும் சோதனைக் குழாயில் பெருக்கிக் காட்டும் ஆர்டி-குயிக் சோதனையில் பாருங்கள், அதையே இரண்டாம் சுற்றாக அதே வகைச் சுண்டெலிகளுக்கும் செலுத்துங்கள். முதல் சுற்றில் வெளியில் தெரியாத தொற்று பல நேரம் அங்கேதான் பிடிபடும்.