பரிசோதனை எல்லாம் சரி, வலி மட்டும் போகவில்லை: பதின்ம வயதினருக்கான கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பல மாதங்களாக வயிற்று வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் குறை இல்லை. "எல்லாம் மனப் பிரமை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் நடிக்கிறாளா?

பதில்: நடிக்கவில்லை அம்மா. இதை முதலில் அவளிடமே சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வலி. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, அதைத் தனி நோயாகவே ஏற்றிருக்கிறது. தொற்றோ காயமோ ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் விழிப்பு நிலையிலிருந்து இறங்காமல் இருந்துவிடலாம். அப்போது குடலின் இயல்பான அசைவுகூட வலியாகத் தெரியும். வலியை உணரும் மூளைப் பகுதிகள் சில, பயத்திலும் கவலையிலும் பங்கெடுப்பவை. அதனால் வலி மனத்தைத் தளர்த்துகிறது, தளர்ந்த மனம் வலியைக் கூட்டுகிறது. எது முதலில் வந்தது என்று துருவ வேண்டியதில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தொடங்கலாம். "மனநல ஆலோசகரிடம் போ" என்று மட்டும் சொன்னால், தன்னை யாரும் நம்பவில்லை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

எடை குறைவு, விடாத காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரை மறுபடி பாருங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது, முதுகு வலி. நல்ல நாள் வந்தால் விட்டதையெல்லாம் பிடிக்க ஓடியாடுகிறேன். பிறகு சில நாள் படுக்கைதான். வலி முழுவதும் போகும்வரை ஓய்வெடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. காத்திருக்கக் காத்திருக்கத் தசை பலம் இழக்கும், நண்பர்களோடு பழக்கம் விட்டுப்போகும், மனமும் சோர்ந்துவிடும். பெரும்பாலும் நடமாட்டம்தான் முதலில் திரும்புகிறது, வலி மெதுவாகத்தான் குறைகிறது. மோசமான நாளிலும் உன்னால் எவ்வளவு நடக்க முடியும்? பத்து நிமிடம் என்றால் நல்ல நாளிலும் பத்து நிமிடமே நட. இன்னும் நடக்கலாம் என்று கால் துறுதுறுக்கும், நிறுத்திவிடு. அடுத்த வாரம் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொள். எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்லட்டும், வலி சொல்ல வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் துணை இருந்தால் நல்லது. இரவு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி தாங்கும் திறன் குறையும்.

கேள்வி: மகனுக்கு ஒற்றைத் தலைவலி. ஏறக்குறைய தினமும் வலி மாத்திரை போடுகிறான். வலுவான மருந்து கேட்கலாமா?

பதில்: ஐயா, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் சாதாரண வலி மாத்திரை எடுத்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரலாம். சில வகை மருந்துகளுக்கு மாதம் 10 நாளே எல்லை. மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள்.

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தரும் அமிட்ரிப்டைலின், டோபிராமேட் என்ற இரு மருந்துகளை 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. மருந்தற்ற போலி மாத்திரையைவிட அவை மேலாக இல்லை. அமிட்ரிப்டைலினோடு அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் சேர்த்தபோது தலைவலி நாட்கள் கூடுதலாகக் குறைந்ததை 2013இல் வந்த ஆய்வு காட்டியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் அந்தச் சிகிச்சையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: "இப்போது எப்படி இருக்கிறது?" என்று மகளை அடிக்கடி கேட்கிறேன். தவறா?

பதில்: அக்கறைதான், ஆனால் அவள் கவனம் வலியிலேயே நிற்கிறது. அவள் வரைந்த படத்தைப் பற்றிக் கேளுங்கள். வலி கூடினால் அவளே சொல்வாள்.

கேள்வி: என் வகுப்பு மாணவி வலியால் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அரை நாள் வரட்டும் ஆசிரியரே. பாடத்தின் நடுவே எழுந்து நடக்க, காரணம் கேட்காமல் அனுமதியுங்கள். பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டலாம்.

கேள்வி: "இந்த வலியோடு இருப்பதற்கு இல்லாமலே போகலாம்" என்கிறாள் தங்கை. அதைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வலுக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கேளம்மா, இன்றே கேள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மறுத்துப் பேசாமல், அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள். நீ மட்டும் சுமக்காதே, பெற்றோரிடம் இன்றே சொல்லிவிடு. வலி மாத்திரை உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பெரியவர் ஒருவர் பூட்டி வைக்கட்டும். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். வழியும் யோசித்துவிட்டாள் என்றால் அவளைத் தனியே விடாமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.