பர்மா ஜெனரல்களும் பக்கத்து நாடுகளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மியான்மர்ல ராணுவம் ஆட்சியப் புடிச்சதுலேருந்து ஆசியான் மீட்டிங், ஆசியான் தூதர்னு நியூஸ் வந்துட்டே இருக்கு சார். இத்தனை நாடு சேர்ந்து உக்காந்து என்னதான் பண்ணாங்க? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நியாயமான கோபம்தான். 2020 நவம்பர் தேர்தல்ல ஆங் சான் சூச்சி கட்சி அமோகமா ஜெயிச்சுது, அது மோசடின்னு சொல்லி தளபதி மின் ஆங் ஹ்லைங் 2021 பிப்ரவரி 1 அன்னிக்கு ஆட்சியப் புடிச்சாரு. ஏப்ரல் 24 ஜகார்த்தால ஆசியான், அதாவது மியான்மரும் உறுப்பினரா இருக்கற தென்கிழக்கு ஆசிய நாடுகள் கூட்டமைப்போட தலைவர்கள் அவரையும் கூப்பிட்டு வெச்சு அஞ்சு அம்சம் பேசி முடிச்சாங்க. வன்முறைய உடனே நிறுத்தணும், எல்லா தரப்பும் உக்காந்து பேசணும், ஆசியான் சார்பா ஒரு தூதர் நடுவுல இருக்கணும், நிவாரணம் உள்ள போகணும், அந்த தூதர் நேர்ல வந்து எல்லாரையும் பாக்கணும். மின் ஆங் ஹ்லைங் ஊருக்குத் திரும்பி ரெண்டு மூணு நாள்தான், மொதல்ல நாட்ல அமைதி வரட்டும் அப்புறம் உங்க யோசனைய பரிசீலிக்கிறோம்னு அறிக்கை வந்துடுச்சு. தூதரா போட்ட புருனே அமைச்சர் எரிவான் யூசோஃப், அடைச்சு வெச்சிருந்த சூச்சிய பாக்கணும்னு கேட்டாரு, விடவே இல்ல.

அதுக்கு அப்புறம்தான் ஆசியான் கொஞ்சம் நிமிந்துச்சு. 2021 அக்டோபர் உச்சி மாநாட்டுக்கு மின் ஆங் ஹ்லைங்குக்கு அழைப்பு கெடையாது, அரசியல் சாராத அதிகாரி யாராச்சும் வேணா வரட்டும்னுட்டாங்க. நமக்கு இது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா ஜெனரல்களுக்கு வேண்டியது அங்கீகாரம், அத அவங்க கையால எடுத்துக்க முடியாது, மத்தவங்கதான் குடுக்கணும். ஆசியான் தலைமை வருஷா வருஷம் மாறும், அடுத்த வருஷம் கம்போடியா முறை. அந்நாட்டு பிரதமரா இருந்த ஹுன் சென் 2022 ஜனவரில தானே கெளம்பி மியான்மர் தலைநகர் நேப்பிடா போய் கைகுலுக்கிட்டு வந்தாரு, அப்புறம் ஜனநாயகப் போராளிகளுக்கு மரண தண்டனைய நிறைவேத்தாதீங்கன்னு லெட்டரும் எழுதினாரு. ஜூலைல முன்னாள் எம்.பி. ஃப்யோ ஸெயா தோ, கோ ஜிம்மி உட்பட நாலு பேருக்கு தண்டனைய நிறைவேத்திட்டாங்க. எதையும் கேட்டு வாங்காம மொதல்லயே போய் மரியாதை குடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதவிட கொடுமையான சாட்சி வேண்டியதில்ல.

கேள்வி: ஆனா 2011 வாக்குல மியான்மர் தானா மாறிச்சே? அதுல ஆசியானுக்கு பங்கு உண்டா இல்லையா? (ஒரு வாசகி, கோவை)

பதில்: உண்டு, ஆனா ஆசியான் சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இன்னிக்கு பண்ண வேண்டியதும் இதுக்குள்ளதான் இருக்கு.

1997ல அமெரிக்கா, ஐரோப்பாவோட எதிர்ப்ப மீறித்தான் மியான்மர ஆசியான்ல சேத்தாங்க. ஒதுக்கி வெச்சா சீனா பக்கம் முழுசா சாஞ்சிடுவாங்க, உள்ள வெச்சு பேசிப் பேசி மாத்தலாம்னு கணக்கு. ஆறு வருஷம் ஒண்ணும் மாறல. 2003 மே மாசம் டெபாயின்ல சூச்சியோட வண்டிங்கள வழிமறிச்சு கும்பல விட்டு அடிச்சாங்க, நெறைய பேரு செத்தாங்க, சூச்சிய மறுபடி அடைச்சாங்க. அப்பதான் மியான்மர சேக்கணும்னு முன்னாடி நின்ன மலேசியப் பிரதமர் மகாதிர் முகமதே, கடைசி வழியா வெளியேத்தவும் வேண்டி வரலாம்னு பேசினாரு. 2006ல ஆசியான் தலைமை மியான்மர் முறை. இவங்க தலைமைன்னா நாங்க வரமாட்டோம்னு மேற்கத்திய நாடுங்க அழுத்த, மலேசியா சிங்கப்பூர் எம்.பி.க்களே எதிர்த்துக் குரல் குடுக்க, 2005 ஜூலைல வியன்டியன் கூட்டத்துல மியான்மரே இந்த தடவ எங்களுக்கு வேணாம்னு ஒதுங்கிக்கிச்சு.

2008 மே மாசம் நர்கிஸ் புயல். ஐராவதி டெல்டால செத்தவங்க, காணாம போனவங்க சேர்த்து கிட்டத்தட்ட 1.4 லட்சம் பேரு. அந்த நேரத்துலயும் வெளிநாட்டு நிவாரணக் குழுக்களுக்கு விசா குடுக்காம இழுத்தடிச்சாங்க, அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு மட்டும் பெரும்பாலான எடத்துல மே 10 அன்னிக்கே நடந்துச்சு. ஆசியான் பொதுச்செயலாளர் சுரின் பிட்சுவான் விடாம பேசி, ஆசியான் ஐ.நா. மியான்மர் மூணும் சேர்ந்த ஒரு குழுவ உண்டாக்கி கதவத் திறக்க வெச்சாரு. மேற்கு நாடுகள் சொல்லி கேக்காதவங்க ஆசியான் சொல்லி கேட்டாங்க. அதனாலதான் ஆசியான் வேஸ்ட்டுன்னு ஒரே வார்த்தையில தள்ளிட என்னால முடியல.

2011ல முன்னாள் ஜெனரல் தெய்ன் செய்ன் அதிபரா வந்தாரு, அரசியல் கைதிகள விட்டாரு, சீனா கட்டிட்டு இருந்த மிட்ஸோன் அணைய நிறுத்தினாரு. பொருளாதாரத் தடை, சீனா மேல இருந்த பயம், 2008 அரசியல் சட்டத்துல நாடாளுமன்றத்துல 25 சதவீத இடத்த ராணுவத்துக்கே எழுதி வெச்சுக்கிட்ட தைரியம், எல்லாம் சேர்ந்துதான் அந்த மாற்றம். ஆசியான் பங்கு என்னன்னா, 2014 தலைமைய உங்களுக்கு தர்றோம்னு 2011 நவம்பர்லயே பாலி மாநாட்டுல சொன்னதுதான். ஊக்கம் குடுத்தது சரி. ஆனா அந்த 25 சதவீதத்த பத்தி ஒரு வார்த்தை கேக்கல, அரசியல் சட்டத்த மாத்த 75 சதவீதத்துக்கு மேல ஓட்டு வேணும், அப்ப ராணுவம் தலையாட்டாம ஒரு கமா கூட மாறாது. பத்து வருஷம் கழிச்சு அந்த ராணுவமே எல்லாத்தையும் கவுத்துச்சு.

கேள்வி: அடுத்த நாட்டு விஷயத்துல தலையிடாம இருக்கறதுதானே மரியாதை? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: வன்முறை எல்லைக்குள்ள நிக்கலையேங்க. 2017ல மட்டும் 7 லட்சத்துக்கு மேல ரோஹிங்யா மக்கள் பங்களாதேஷுக்கு ஓடினாங்க, அப்ப சூச்சி ஆட்சில இருந்தாங்க, ஆசியான் வாய மூடிட்டு இருந்துச்சு, அந்த மௌனமும் ராணுவத்துக்கு தெம்பு குடுத்துச்சுன்னுதான் நான் நெனைக்கிறேன். தாய்லாந்து எல்லைல இருக்கற மியாவடி பக்கம் சைபர் மோசடி கூடாரங்கள்ல வேலைன்னு ஏமாத்தி கொண்டு போய் அடைச்சதுல நம்ம தமிழ்நாட்டு பசங்களும் உண்டு, 2022ல சில பேர மீட்டு சென்னைக்கு கொண்டு வந்தாங்க. இதுல எது உள்நாட்டு விவகாரம்?

கேள்வி: இந்தியா ஏன் கம்முனு இருக்கு? (ஒரு கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: 1,643 கிலோமீட்டர் எல்லைம்மா. 90கள்ல சூச்சிக்கு நேரு விருது குடுத்த அதே நாடு, அந்த வாக்குலயே ஜெனரல்களோட பேச ஆரம்பிச்சுது, வடகிழக்கு தீவிரவாதிங்க அங்க முகாம் போட்டது, சீனா உள்ள பூந்தது, மியான்மரோட சித்வே துறைமுகம் வழியா மிசோரமுக்கு வழி போடற கலாதான் திட்டம்னு காரணம் நெறைய. 2021 ஜூன்ல ஐ.நா. பொதுச்சபைல மியான்மருக்கு ஆயுதம் போறத தடுக்கணும்ங்கிற தீர்மானத்துக்கு 119 நாடு ஆதரவு, இந்தியா ஓட்டு போடல. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், புருனேயும் போடல. ஜெனரல்களுக்கு இந்த பிளவுதான் சொத்து. அதே நேரத்துல மியான்மரோட சின் மாநிலத்துலேருந்து ஓடி வந்த மக்கள திருப்பி அனுப்ப மாட்டோம்னு மிசோரம் மாநிலம் டெல்லிய மீறி சோறு போட்டுச்சு, அத நெனைச்சா பெருமையா இருக்கு. பர்மாலேருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்து மணிப்பூர் மோரேல கோயில் கட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த எல்லை எவ்ளோ முக்கியம்னு தெரியும்.

கேள்வி: இப்ப தேர்தல் நடத்திட்டாங்களே, இனியாவது சரியாகுமா? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: 2023லயே சூச்சி கட்சிய கலைச்சுட்டு, அவங்கள உள்ள வெச்சுட்டு, சண்டை நடக்கற ஏரியாவெல்லாம் விட்டுட்டு 2025 டிசம்பர் 28லேருந்து கட்டம் கட்டமா நடத்தினாங்க, ராணுவ ஆதரவு கட்சி ஜெயிச்சுது. பழைய சட்டைய மாத்திட்டு வந்தா எல்லாரும் கைகுலுக்கிடுவாங்கன்னு நம்பிக்கை அவங்களுக்கு. 2026 தலைமை மியான்மர் முறைதான், அத பிலிப்பைன்ஸுக்கு மாத்த 2023லயே ஆசியான் முடிவெடுத்தது ரொம்ப சரி. ஆனா அதே 2023 ஜூன்ல தாய்லாந்து தனியா பட்டாயால ஜெனரல்களோட அமைச்சர கூப்பிட்டு கூட்டம் போட்டுச்சு, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர்கள் போகல. இந்த மாதிரி ஆளுக்கொரு வாசல் திறந்து வெக்கறது நிக்கணும். கைதிகள விடறது, வான் தாக்குதல நிறுத்தறது, ராணுவத்தோட அந்த 25 சதவீதத்த பத்தி பேச உக்கார்றது, இந்த மூணும் நடக்காம மாநாட்டு நாற்காலிய திருப்பிக் குடுக்கவே கூடாது, நிவாரணம் மட்டும் தாய்லாந்து எல்லை வழியாவும் மிசோரம் வழியாவும் நேரா மக்களுக்கு இன்னிக்கே போகணும், அதுக்கு ஜெனரல்கள் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.