ஸ்கிரிப்ட் ஓடுகிறது, புரதம் மட்டும் ஒரே நிறத்தில் நிற்கிறது: என்ன காரணம்?

கேள்வி: ஒரு புரதத்தின் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் கொண்ட அட்டவணை என்னிடம் இருக்கிறது. அதன்படி, புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் காட்டும் பைமால் மென்பொருளில் வண்ணம் தீட்ட ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் முழுப் புரதமும் ஒரே நிறத்தில் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: பிழைச் செய்தி வராததுதான் முக்கியமான துப்பு. மதிப்பெண்களை டிக்‌ஷனரியில் வைத்து, 'ஆல்டர்' கட்டளையால் பி-ஃபேக்டரில் (அணு எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்ட ஒவ்வோர் அணுவோடும் வைக்கப்படும் எண்) ஏற்றியிருப்பீர்கள். பைமாலில் அமினோ அமிலத்தின் வரிசை எண்ணைத் தரும் 'ரெசி' என்பது எண் வகை அல்ல, ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். 52, 52ஏ என்று எழுத்தோடு வரும் எண்களும் உண்டு என்பதால் அப்படி. உங்கள் டிக்‌ஷனரியின் சாவி முழு எண்ணாக இருந்தால் எதுவும் பொருந்தாது. எல்லா அணுவுக்கும் நீங்கள் கொடுத்த இயல்பு மதிப்பே போய்ச் சேரும். சாவிகளை ஸ்ட்ரிங்காக மாற்றுங்கள். பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம் வழியாக அட்டவணையைப் படித்தால் 45 என்பது '45.0' ஆகிவிடக்கூடும், முதலில் முழு எண்ணாக்கி, பிறகு ஸ்ட்ரிங்காக்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகள் இருந்தால் சங்கிலிப் பெயரும் எண்ணும் சேர்ந்த இணையே சாவியாக இருக்கட்டும்.

ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் தனித்தனி 'ஆல்டர்' வேண்டாம். 'ஸ்பேஸ்' அளவுருவில் டிக்‌ஷனரியைக் கொடுத்தால் ஒரே 'ஆல்டர்' போதும், வேகமாகவும் முடியும். அதற்கு முன் 'கிரியேட்' கட்டளையால் ஒரு பிரதி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலத்தின் மேலேயே எழுதிச் சேமித்தால், அந்தக் கோப்பில் சோதனையில் கிடைத்த பி-ஃபேக்டர் இருக்காது. ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் கணித்த கட்டமைப்பு என்றால் அழிந்துபோவது நம்பக மதிப்பெண், அதுவும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

'ஆல்டர்' எண்ணை மட்டுமே மாற்றும், நிறத்தைத் தொடாது. நிறத்துக்கு அடுத்து, மதிப்புக்கேற்ப நிறமிடும் 'ஸ்பெக்ட்ரம்' கட்டளை வேண்டும். அட்டவணையில் இல்லாத அமினோ அமிலங்களுக்கு -1 கொடுங்கள். முதலில் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிட்டு, நீர் போன்றவற்றை விலக்கும் 'பாலிமர்' தேர்வில் பி-மதிப்பு 0 அல்லது அதற்கு மேல் உள்ளவற்றுக்கு மட்டும் நீலம்-வெள்ளை-சிவப்பு ஸ்பெக்ட்ரம் போடுங்கள். குறைந்த எல்லை 0, உயர்ந்த எல்லை 1 என்று நீங்களே எழுதுவது அவசியம். எழுதாவிட்டால் தேர்வில் உள்ள அணுக்களின் மதிப்புகளிலிருந்து பைமாலே எல்லைகளை எடுத்துக்கொள்ளும். தேர்வுக்குள் நீர் மூலக்கூறு ஒன்று பி-ஃபேக்டர் 80 உடன் புகுந்தாலே புரதம் முழுவதும் நீலத்தில் அடங்கிவிடும். இரண்டு கட்டமைப்புகளை ஒப்பிடும்போதும் எல்லைகள் ஒன்றாக இல்லையென்றால் படங்களை அருகருகே வைப்பதில் பொருளே இல்லை.

இத்தனை செய்தும் ரிப்பன் (பைமாலில் 'கார்ட்டூன்' எனப்படும் பட்டை வடிவம்) நிறம் மாறவில்லையா? எப்போதோ 'கார்ட்டூன்_கலர்' அமைக்கப்பட்டிருக்கும். அது அணுவின் நிறத்தை மறைத்துவிடும். மதிப்பை 'டிஃபால்ட்' ஆக்கினால் சரியாகும். 'சர்ஃபேஸ்_கலர்' அமைப்பும் இப்படித்தான். இன்னொன்று: புரத ரிப்பன், ஒவ்வோர் அமினோ அமிலத்தின் மைய அணுவான ஆல்ஃபா கார்பனின் நிறத்தையே எடுக்கும். பக்கச்சங்கிலி அணுக்களுக்கு மட்டும் மதிப்பு ஏற்றியிருந்தால் ரிப்பனில் அது தெரியாது.

உண்மையில் எனக்குக் கவலை தருவது வேறு தவறு. உங்கள் அட்டவணை வரிசையில் 1, 2, 3 என்று எண்ணியிருக்கலாம். கட்டமைப்புக் கோப்போ 27-இல் தொடங்கலாம், நடுவில் சில அமினோ அமிலங்கள் விடுபட்டும் இருக்கலாம். அப்போது படம் அழகாகவே வரும், ஆனால் ஒவ்வொரு நிறமும் தவறான இடத்தில் இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே அட்டவணையில் அமினோ அமிலத்தின் ஒற்றை எழுத்தையும் வைத்துக்கொண்டு, அணுக்களின் விவரங்களைப் படிக்கும் 'இட்டரேட்' கட்டளையில் கிடைக்கும் 'ஒன்லெட்டர்' மதிப்போடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் ஸ்கிரிப்ட் வண்ணம் தீட்டாமல் நிற்க வேண்டும்.

'ஸ்பெக்ட்ரம்' நிறப்பட்டையைக் காட்டாது. அதற்கு 'ராம்ப்_நியூ' கட்டளையில் வரைபடத்தின் ('மேப்') பெயர் கேட்கும் இடத்தில் 'நன்' என்று கொடுத்து, அதே எல்லைகளுக்குள் 0, 0.5, 1 என்ற மூன்று மதிப்புகளையும் அதே மூன்று நிறங்களையும் எழுதுங்கள்.