முழு சஸ்பென்ஷன் கிராஸ்-கன்ட்ரி சைக்கிளைப் பல ஆண்டுகள் வைத்திருப்பது கட்டுப்படியாகுமா?

முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி கொண்ட இந்த மலைப்பாதைச் சைக்கிளை, ஓட்டிய மணிநேரத்தைக் குறித்துவைத்து, உரிய வேளையில் பராமரித்தால் தாராளமாகக் கட்டுப்படியாகும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்க்கால்களையும் பின் அதிர்வுதாங்கியான ஷாக்கின் காற்றறையையும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் மாற்றவும், அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பரை 200 மணி நேரத்தில் கவனிக்கவும் சஸ்பென்ஷன் தயாரிப்பு நிறுவனமான ராக்‌ஷாக்ஸ் பரிந்துரைக்கிறது. இதைத் தள்ளிப்போட்டால், தூசியைத் தடுக்கும் வளையமான சீல் வறண்டு, அதனுள் புகுந்த மணல் ஃபோர்க் குழாயின் மேற்பூச்சை உரசி அழித்துவிடும். அதன்பின் எண்ணெய் மாற்றிப் பயனில்லை, குழாயையே மாற்ற நேரிடும், அந்தச் செலவுதான் வலிக்கும்.

பலர் மறந்துவிடுவது பின்சட்ட இணைப்புகளின் பேரிங்குகளை. ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பின்சட்டத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சொரசொரவென்று தடுத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ அவற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது. உயர் அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவுவதை அறவே தவிர்க்கவும். 12 கியர் கொண்ட சைக்கிளின் செயினை 0.5 சதவீதத் தேய்மானத்திலேயே மாற்றிவந்தால், பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதியான விலைமிகுந்த கேசட் நெடுநாள் உழைக்கும்.