குடிநுழைவுக் கொள்கைத் துறையில் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மலேசியாவின் பினாங்கில் அந்நியத் தொழிலாளர்கள், அகதிகள் ஆகியோரிடையே களப்பணியாளராகத் தொடங்கி, இப்போது கொள்கை ஆய்வில் இருக்கிறேன். இத்துறைக்கு வர விரும்பும் இளையோரும் அவர்களின் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த் மாணவி): அக்கா, எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டேன். இந்த வேலைக்கு எந்தப் பட்டப்படிப்பு எடுக்க வேண்டும்?

பதில்: சட்டம், பொருளியல், மானிடவியல், சமூகப்பணி என எதிலிருந்தும் வரலாம். எதைப் படித்தாலும், 1959/63 குடிநுழைவுச் சட்டம், 1955 வேலைச் சட்டம், 1966 கடப்பிதழ்ச் சட்டம் ஆகிய மூன்றையும் மூலத்திலேயே வாசித்துவிடுங்கள் தங்கச்சி. பிறர் எழுதிய சுருக்கத்தை நம்பி அறிக்கை எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகாரியின் முதல் கேள்வியிலேயே அவர்கள் தடுமாறிவிடுகிறார்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை மேற்பார்வையாளர்): ஆய்வு என்றால் அங்கே உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?

பதில்: ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் தொடக்க காலத்தில், ஒரு தொழிலாளர் விடுதியில் நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்துடன் உட்கார்ந்தேன். வாசலில் ஆளெடுக்கும் நிறுவனத்தின் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதுகூட எனக்கு அன்று தெரியவில்லை. "சம்பளம் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டேன், பதினெட்டுப் பேரும் "வருகிறது" என்றார்கள். நான் கிளம்பும் நேரத்தில், சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, எட்டாக மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டை நீட்டினார். மலாயில் இருந்த அதை அவரால் வாசிக்க முடியவில்லை. வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தபோது, கழிவுப் பத்தியில் 'லெவி' என்று ஒரு தொகை இருந்தது. அந்நியத் தொழிலாளரை வேலைக்கு வைப்பதற்காக அரசுக்குக் கட்டும் கட்டணம் அது; 2018 சனவரி முதல் அதை முதலாளிதான் ஏற்க வேண்டும். அந்த ஒரு சீட்டு, பதினெட்டுப் படிவங்களும் சொல்லாததைச் சொல்லிவிட்டது.

அதன்பின் என் கேள்விகள் மாறின. "சம்பளம் வருகிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "போன மாதச் சீட்டு கையில் இருக்கிறதா, கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது, இங்கே வருவதற்கு எவ்வளவு கடன் வாங்கினீர்கள்?" என்று கேட்கிறேன். கொள்கை ஆய்வு என்பது பெரும்பாலும் இதுதான்: செலவு யார் தலையில் விழுகிறது, தாள் யார் கையில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து, அதை மனிதவள அமைச்சுக்கும் உள்துறை அமைச்சுக்கும் புரியும் மொழியில் எழுதுவது. தொழிலாளரின் சம்பளம் ஓர் அமைச்சின் பொறுப்பாகவும் அவருடைய வேலை அனுமதி (பெர்மிட்) இன்னோர் அமைச்சின் பொறுப்பாகவும் இருப்பதால், முதலாளியின் மேல் புகார் கொடுத்தவர் பெர்மிட்டையே இழந்துவிடும் நிலை உண்டாகிறது. இந்த இடைவெளியைப் பற்றி எழுத இன்னும் பலர் தேவை.

கேள்வி (ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற ஆசிரியர்): நம் முன்னோரும் இப்படித்தானே வந்தார்கள் அம்மா? அந்த வரலாறு இந்த வேலைக்கு உதவுமா?

பதில்: மிகவும் உதவும் ஐயா. தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுவரும் பயணச் செலவுக்காக, 1907-இல் அமைக்கப்பட்ட குடிநுழைவு நிதிக்குத் தமிழரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாருமே பணம் செலுத்த வேண்டியிருந்தது. தோட்டக்காரர்களின் தேவைக்காக உருவான ஏற்பாடுதான் அது. கங்காணியின் பிடியும் தோட்டத்தின் துன்பமும் அதனால் நீங்கிவிடவில்லை. ஆனாலும் வரும் செலவு வேலை கொடுப்பவருடையது என்ற கொள்கை அன்றைக்கே சட்டத்தில் இருந்தது. இன்று ஊரில் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது, அந்த ஒரு விஷயத்தில் நாம் பின்னோக்கிப் போயிருக்கிறோம் என்றே சொல்வேன்.

கேள்வி (சுங்கை பட்டாணி, ஒரு தந்தை): என் மகன் இத்துறைக்கு வர விரும்புகிறான். அகதிகளை ஏற்காத நாட்டில், அவர்களைச் சமூகத்தோடு இணைக்கும் வேலை என்று ஒன்று இருக்க முடியுமா?

பதில்: அகதிகளின் உரிமைகளை வகுக்கும் 1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலோ அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலோ மலேசியா கையெழுத்திடவில்லை என்பது உண்மை. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. அதில் பதிவு பெற்றவர்கள் 180,000-க்கும் அதிகம், பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. பெரியவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமையும் இதுவரை உறுதியாகவில்லை. ஆகவே அந்த வேலை சமூகக் கற்றல் மையங்களிலும் மருத்துவமனைகளிலும்தான் நடக்கிறது. ஆணையத்தின் அட்டை வைத்திருப்பவருக்கு அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும் என்பதைப் பதிவு முகப்பில் எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தாலே, பிரசவத்துக்கு வந்த பெண்ணின் கவலை பாதி குறைந்துவிடும்.

கனடாவில் இதே வேலை அரசு நிதி பெறும் குடியமர்வு மையங்களில், தெளிவான பதவிகளோடு நடக்கிறது. 1978 முதல் 1991 வரை திரெங்கானுவின் பீடோங் தீவு முகாமில் தங்கியிருந்த வியட்நாமியர் பலர் அங்கே போய்க் குடியேறினார்கள். 1979-இல் வேகமெடுத்த தனியார் பொறுப்பேற்புத் திட்டத்தின்கீழ், சாதாரணக் குடிமக்கள் குழுவாகச் சேர்ந்து அகதிக் குடும்பங்களைத் தாங்கினார்கள். உங்கள் மகன் அங்கே படிக்கப் போனால், பீடோங்கிலிருந்தே தன் ஆய்வைத் தொடங்கலாம்.

கேள்வி (ஈப்போ, சட்ட மாணவர்): இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, மறைக்க மாட்டேன். பெண்கள், அந்நியத் தொழிலாளர்கள் ஆகியோரின் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகனித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் பட்ட துன்பத்தை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார். 2003-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2008-இல்தான் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் நமக்கு வரும் ஆபத்தைவிட, நம்மிடம் பேசியவருக்கு வரும் ஆபத்தே பெரிது. அவருடைய பெயரையும் விடுதியின் பெயரையும் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள். முகத்தைப் படம் பிடிக்காதீர்கள்.

கேள்வி (கூலிம், ஒரு தாயார்): சம்பளம் எப்படி?

பதில்: தொண்டு நிறுவனங்களில் குறைவு; பெரும்பாலும் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தம். பன்னாட்டு அமைப்புகளில் நன்றாக இருக்கும், போட்டியும் அதிகம்.

கேள்வி (பட்டர்வொர்த் மாணவி, மீண்டும்): இப்போதே எதையாவது தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். மலாயில் உள்ள ஒரு வேலை ஒப்பந்தத்தை எடுத்து, அதிகம் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி தமிழில் எழுதிப் பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள லெபு பசார் தெருப் பக்கம் வாருங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வருகிறவர்கள் அங்கே கூடுவார்கள். நீங்கள் எழுதியதை அவர்களில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி மறுகேள்வி கேட்கிறாரோ, அந்த வரியை என்னிடம் கொண்டுவாருங்கள்.