போர்களுக்கு நடுவே நாடு விட்டு நாடு போய் ஆடிய செஸ் மாஸ்டர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

நிறைய பேர் முன்னாள் உலக சாம்பியன் அலெகைன் என்பார்கள், தப்பே இல்லை. என் ஓட்டு வேரா மென்சிக்குக்கு.

1906இல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா செக், அம்மா ஆங்கிலேயர். புரட்சிக்குப் பிறகு குடும்பம் பிரிந்து, 1921இல் அம்மா, தங்கையோடு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஊர் கிளப்பில் ஹங்கேரி மாஸ்டர் மரோட்சியிடம் பாடம். 1927இல் லண்டனில் பெண்கள் உலகப் பட்டம் முதல்முறையாக நடந்தபோது ஜெயித்தார், அப்புறம் 1939 வரை நடந்த எல்லாவற்றிலும் அவர்தான். ஏழு போட்டி, 83 ஆட்டம், தோல்வி ஒன்றே ஒன்று.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்தது இதற்காக இல்லை, ஆண்களோடு போய் உட்கார்ந்து அடி வாங்கியதற்காக. 1929 கார்ல்ஸ்பாட் போட்டிக்கு அவரைக் கூப்பிட்டதையே வியன்னா மாஸ்டர் பெக்கர் கிண்டலடித்தார்: இவரிடம் தோற்கிறவரை எல்லாம் 'வேரா மென்சிக் கிளப்'பில் சேர்த்துவிடலாம் என்று. கிளப்பின் முதல் உறுப்பினர் யார் தெரியுமா, பெக்கரேதான்! மென்சிக் 21 ஆட்டத்தில் 3 புள்ளியோடு கடைசி இடம், அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னால் அதே கிளப்பில் மாக்ஸ் யூவேயும் சேர்ந்தார், ஹேஸ்டிங்ஸில் இரண்டு தடவை தோற்று. 1935இல் அலெகைனிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்த அதே யூவே.

அதே 1929இல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் நடந்த போட்டியில் போலந்து மாஸ்டர் ரூபின்ஸ்டைனோடு சமமாக இரண்டாம் இடம், முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவுக்கு அரைப் புள்ளிதான் பின்னால், குரு மரோட்சிக்கு மேலே. இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: அங்கே ஏழு வெளிநாட்டுக்காரர்கள் ஏழு பிரிட்டிஷ்காரர்களோடு மட்டும்தான் ஆடினார்கள், காபாபிளாங்காவோடு அவர் மோதவே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. இங்கிலாந்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகியும் மென்சிக்கை உட்கார வைத்தது வெளிநாட்டு வரிசையில்.

1927இல் ரஷ்யா பெயரில் ஆடினார், அடுத்த ஐந்து பட்டங்கள் செக்கோஸ்லோவாகியா பெயரில். 1937இல் ஆங்கிலேயர் ஒருவரைக் கல்யாணம் செய்த பிறகு, 1939 பியூனஸ் அயர்ஸில்தான் இங்கிலாந்து பெயர் கிடைத்தது. அந்தப் போட்டி நடக்கும்போதே போர் வெடித்தது, பல மாஸ்டர்கள் ஊர் திரும்பாமல் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார்கள். இவர் லண்டனுக்குத் திரும்பினார். 1944 ஜூனில் லண்டன் கிளாப்பம் பகுதியில் இருந்த வீட்டின் மேல் ஜெர்மனியின் பறக்கும் குண்டு விழுந்தது. அம்மா, தங்கை, இவர், மூன்று பேருமே போய்விட்டார்கள். அன்றைக்கும் உலக சாம்பியன் இவர்தான்.