கொழுந்தனார் கடைக்கு வட்டி கட்டுவது யார்?

கேள்வி: வணக்கம் சார். சேலம் மாவட்டம். வயது 34. மூன்று வருடமாக இளம்பிள்ளை ஊர்ச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறேன். பாதி வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் முன்பணம் வாங்கி. பாதி ஒரு விற்பனைத் தளத்தில், பெரும்பாலும் கேஷ் ஆன் டெலிவரி. மாதம் 300 சேலை போகும், சராசரி 800 ரூபாய். தளத்தில் போவதில் நாலில் ஒன்று திரும்பி வந்துவிடும். காலை ஐந்தரைக்கு எழுந்து போட்டோ, ஒன்பதுக்கு லைவ், மதியம் பேக்கிங், சாயங்காலம் கூரியர், ராத்திரி பதினொன்று வரை மெசேஜுக்குப் பதில். ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஆனால் காசு நிற்கவில்லை. ஆப் மூலம் எடுத்த 1,50,000 கடனுக்கு மாதம் 8,500 கட்டுகிறேன். 24 தவணையில் 8 முடிந்தது. தீபாவளிச் சரக்குக்காக 50,000 தண்டல் எடுத்தேன். கையில் தந்தது 42,500, தினம் 500 வீதம் நூறு நாள். அது முடிந்ததும் இன்னொன்று. இப்போது மூன்றாவது ஓடுகிறது, 60 நாள் பாக்கி. கொழுந்தனார் மொபைல் கடை வைத்திருக்கிறார். அவருக்கு அப்போதைக்கு அப்போது கொடுத்தது 1,90,000 வரவேண்டும். "உன் அக்கவுண்ட்லதான் வாராவாரம் பணம் விழுதே" என்று மாமியார் சொல்லும்போது மறுக்க முடியவில்லை. முதலில் போட்ட பணம் 2,50,000; இப்போது வீட்டில் இருக்கும் சரக்கு 95,000. கடனுக்கு வாங்குவதால் சேலைக்கு 560 ஆகிறது. ரொக்கம் கொடுத்தால் 540க்குத் தருவார்கள். கணவர் சம்பளம் 22,000, வீடு சொந்தம். ஆறு பவுன் நகை இருக்கிறது. அரசின் முத்ரா கடனில் 5 லட்சம் எடுத்துப் பெரிதாகச் செய்யலாமா? தளமே 2 லட்சம் முன்பணம் தருகிறேன் என்கிறது. சரக்கே வாங்காமல் ஏஐ வைத்துக் கடை நடத்தும் பயிற்சி ஒன்று 45,000 ரூபாய். 2,000 கட்டி இடம் பிடித்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு உழைத்தால் சரியாகும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இன்னும் உழைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம்தான், அதில் நீங்கள் ஏற்கெனவே எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டீர்கள். ஜிஎஸ்டி, பார்சல் பிரிக்கும் ஓப்பனிங் வீடியோ, கூரியர் ரேட் இதெல்லாம் மூன்று வருடம் தொழில் செய்தவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் தொழில் நஷ்டத்தில் ஓடவில்லை. கெடுப்பது ஒரே ஒரு பழக்கம், அது வாராவாரம் தளத்திலிருந்து பணம் (செட்டில்மென்ட்) விழும் அன்று சாயங்காலம் நடக்கிறது.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செலவு விவரம் நீங்கள் முழுதாகத் தரவில்லை, அதனால் உங்கள் அளவுக்குத் தொழில் செய்பவர்களுக்கு ஆகிற செலவை வைத்துக் குத்துமதிப்பாகப் போடுகிறேன். உங்கள் எண் வேறு என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

300 சேலையில் தளத்தில் போகும் 150இல் 36 திரும்பி வருகிறது என்று வைப்போம். நிஜமாக விற்றது 264. எண்ணூறால் பெருக்கினால் 2,11,000. நீங்கள் மனதில் வைத்திருக்கும் 2,40,000 இல்லை, கவனியுங்கள். இந்த 264 சேலையின் கொள்முதல் 1,48,000. மிச்சம் 63,000. இதில் உங்கள் சொந்த ஆர்டர்களுக்கு 'ஃப்ரீ ஷிப்பிங்' என்று போடுகிறீர்களே, அந்தக் கூரியர் 10,500. கவர், டேப், அட்டை 4,500. வாடிக்கையாளர் திருப்பியதற்குத் தளம் பிடிக்கும் கூரியர் கட்டணம் 2,000. திரும்பி வந்ததில் கறை பட்டு, மடிப்புக் கலைந்து பாதி விலைக்குத் தள்ளுவதில் போவது இன்னொரு 2,000. விளம்பரம் 6,000. பேக்கிங்குக்கு வரும் பெண்ணுக்கு 7,000. வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு கையிலிருந்து போகும் ஜிஎஸ்டி 3,000. போன், நெட், கரண்ட் 1,500. மொத்தம் 36,500. கடைசியில் உங்களுக்கு நிற்பது 26,500.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், மாதம் முப்பது நாள் என்றால் மணிக்கு ஏறக்குறைய 74 ரூபாய். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டிலிருந்தபடி, சொந்த முதலில், மாதம் இருபத்தாறாயிரம் சம்பாதிக்கிற தொழில் நல்ல தொழில். ஆனால் இதிலிருந்து ஆப் கடனுக்கு 8,500, தண்டலுக்கு 15,000 போகிறது. நிற்பது மூவாயிரம். அப்புறம் பிள்ளைகள் செலவு, ஒரு கல்யாண மொய், கொழுந்தனாருக்கு ஒரு பத்தாயிரம். மூவாயிரத்தில் இதெல்லாம் நடக்காது. சரக்குப் பணத்தில் கை வைக்கிறீர்கள். இளம்பிள்ளைக்குப் போகும்போது பணம் குறைகிறது. திரும்பவும் தண்டல்காரரிடம் போகிறீர்கள்.

மாமியார் சொன்ன வாக்கியத்துக்கே வருகிறேன். அக்கவுண்டில் பணம் விழுவது உண்மைதான். ஆனால் எண்ணூறு விழுந்தால் அதில் 560 இளம்பிள்ளை வியாபாரியுடையது. நூற்றுக்கு எழுபது. சுமார் பதினேழு சதவீதம் கூரியர்காரர், விளம்பரம், கவர் கடை, அரசாங்கம் என்று பிரியும். உங்களுடையது நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. அந்த வாரம் 40,000 விழுந்தது என்றால் உங்கள் பணம் ஐயாயிரம். கொழுந்தனார் பத்தாயிரம் கேட்டு நீங்கள் அன்றைக்கே போனில் அனுப்பினால், அந்த வார உழைப்பு முழுவதையும், அதோடு ஒன்பது சேலை வாங்கும் முதலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, திரும்பி வரும் சேலைகளுக்கான கழிவு அடுத்த செட்டில்மென்ட்டில்தான் வரும். இன்று விழுந்த பணத்திலேயே கொஞ்சம் திருப்பித் தரவேண்டிய பணம்.

இப்போது உங்கள் 1,90,000ஐப் பாருங்கள். கொழுந்தனாருக்கு வட்டியில்லாமல் கொடுத்தீர்கள். சரக்கில் விழுந்த அந்த ஓட்டையை அடைக்க ஆப்பில் 1,50,000 வாங்கினீர்கள். மாதம் ஒன்றரை சதவீதம், வருடத்துக்குப் பதினெட்டு என்றுதான் சொல்லியிருப்பார்கள். 8,500 தவணை அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டியை மட்டும் முழு 1,50,000க்கும் கடைசிவரை போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 31, 32 சதவீதத்தைத் தொடுகிறது. கடன் கொடுக்கும்போது முக்கிய விவரத் தாள் என்று ஒன்று அனுப்பியிருக்க வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஆண்டுச் சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். தேடிப் பாருங்கள்.

தண்டல் இதைவிட மோசம். 42,500 வாங்கி 50,000 கட்டுகிறீர்கள், 7,500 வட்டி. தினமும் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருந்தது பாதிப் பணம், 21,000 சொச்சம். அதற்கு நூறு நாளில் 7,500 என்றால் நூற்றுக்கு முப்பத்தைந்து. வருடத்துக்கு நூற்றிருபது சதவீதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டியைத் தாங்கும் லாபம் சேலையில் இல்லை.

இதோடு முடியவில்லை. ரொக்கம் இல்லாததால் சேலைக்கு 20 ரூபாய் கூடக் கொடுக்கிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 264 சேலைக்கு மாதம் ஐயாயிரத்துச் சொச்சம். இதுவும் வட்டிதான், பெயர்தான் வேறு. ஆக அந்த மொபைல் கடைக்கு மாதாமாதம் வட்டி கட்டுவது ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜுக்குப் பதில் போடும் நீங்கள். அவருக்கே இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

என்ன செய்வது? அடுத்த செட்டில்மென்ட்டுக்கு முன்னால் உங்கள் பேரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். தளத்துப் பணமும் வாட்ஸ்அப் வாடிக்கையாளர் பணமும் வருகிற கணக்கு தனியாக இருக்கட்டும். அந்தக் கணக்கிலிருந்து இளம்பிள்ளை, கூரியர், விளம்பரம், ஜிஎஸ்டி, இவற்றுக்கு மட்டும்தான் பணம் வெளியே போகவேண்டும். மாதம் 5ஆம் தேதி அதிலிருந்து உங்களுக்குச் சம்பளம் எடுங்கள். இந்த இரண்டு மாதம் 8,000; அப்புறம் 12,000. வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு, சொந்தக்காரர்களுக்கு, எல்லாம் இந்தச் சம்பளத்திலிருந்துதான். கொழுந்தனாருக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் சம்பளத்திலிருந்து ஆயிரம் கொடுங்கள், இரண்டாயிரம் கொடுங்கள். வியாபாரிக்குப் போகவேண்டிய எழுபதிலிருந்து கொடுக்காதீர்கள். இரண்டாவது கணக்கை மட்டும் போன் ஆப்பில் இணையுங்கள். வியாபாரக் கணக்கை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டு, பழையபடி நெட் பேங்கிங்கில் அனுப்புங்கள். கொஞ்சம் சிரமம்தான், அந்தச் சிரமம் இருக்கட்டும். வாடிக்கையாளர் பணம் போட அந்தக் கணக்குக்கு வங்கியே தரும் கியூஆர் படம் போதும், அதற்கு உங்கள் போனில் அந்தக் கணக்கை ஆப்பில் இணைக்க வேண்டியதில்லை.

ஆப் கடனை நகைக்கடனால் முடியுங்கள். முன்கூட்டி முடித்தால் எவ்வளவு, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1,15,000 ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வருடம் 9, 10 சதவீதத்தையொட்டி இருக்கும். மாத வட்டி ஆயிரத்துக்குள் அடங்கும். ஆறு பவுனையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், இந்தத் தொகைக்கு எவ்வளவு எடை போதுமோ அவ்வளவு மட்டும். கூடுதலாகத் தருகிறோம் என்பார்கள், வாங்காதீர்கள்.

தண்டலை மட்டும் முன்கூட்டி முடிக்க அவசரப்படாதீர்கள். இதில் பலரும் ஏமாறுகிறார்கள். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். இன்று மொத்தமாக 30,000 கட்டினாலும் அதே 30,000, அறுபது நாளில் கட்டினாலும் அதே 30,000. மெதுவாகவே கட்டி முடியுங்கள். நூறாவது நாள் தண்டல்காரர் புதுக் கார்டை நீட்டுவார், ஒழுங்காகக் கட்டுகிற பார்ட்டி என்று புகழவும் செய்வார். வாங்காமல் இருந்தால் போதும்.

இந்த இரண்டு மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும். 26,500இல் தண்டலுக்கு 15,000, நகை வட்டி 1,000 போக 10,500. உங்கள் சம்பளம் 8,000. கணவர் சம்பளம் இருப்பதால் அடுப்பு எரியும். மூன்றாவது மாதத்திலிருந்து 12,000 சம்பளம், நகைக்கடன் அசலுக்கு 10,000, வட்டி போக மிச்சம் மூன்று மூன்றரை ஆயிரம் சரக்குக்கு. பன்னிரண்டு மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். வீட்டில் இருக்கும் 95,000 சரக்கில் ஆறு மாதத்துக்கு மேல் நகராத டிசைன் எவ்வளவு என்று பிரித்து, கொள்முதல் விலைக்கே லைவில் தள்ளிவிடுங்கள். அந்தப் பணத்தோடு ரொக்கமாக இளம்பிள்ளைக்குப் போனால் 560 சேலை 540 ஆகும். மூன்றரை ஆயிரம் எட்டாயிரம் ஆவது அங்கேதான், லைவை இரண்டு வேளை போடுவதில் இல்லை. தளத்தில் ஆர்டர் வந்தவரிடம் பேச உங்களுக்கு வழியில்லை, அதனால் திரும்பி வருவதைக் குறைக்க ஒன்றே ஒன்று சொல்கிறேன்: எந்தச் சேலை அதிகம் திரும்புகிறதோ அதைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் மட்டும் விற்றுப் பாருங்கள்.

தளம் தரும் 2 லட்சம் முன்பணம். இதற்கு இப்போது நல்ல மவுசு. அடமானம் கிடையாது, கையெழுத்து கிடையாது, விற்பனையிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வோம் என்கிறார்கள். எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாபமே பன்னிரண்டரை. பதினைந்து பிடித்தால் அந்த மீதி இரண்டரை எங்கிருந்து வரும்? சரக்குப் பணத்திலிருந்துதான். கொழுந்தனார் செய்ததையே கம்ப்யூட்டர் செய்யும், வாராவாரம் தவறாமல். அதனிடம் "அடுத்த வாரம் தரேன்" என்று சொல்லவும் முடியாது.

முத்ராவை நான் குறை சொல்லமாட்டேன். கிஷோர் பிரிவில் 50,000க்கு மேல் 5 லட்சம் வரை, அடமானம் இல்லாமல் தருகிறார்கள். ஆனால் இன்று உங்கள் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு போனால் மேனேஜர் கண்ணில் படுவது தினம் 500 போகும் வரிசையும், ஒரே பெயருக்குப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் போனதும்தான். கிடைத்தால் அதைவிட ஆபத்து. 5 லட்சம் அக்கவுண்டில் விழுந்த செய்தி மொபைல் கடைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஆறு மாதம் சுத்தமான கணக்கு ஓட்டிவிட்டு, வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்துவிட்டு, அடுத்த தீபாவளிச் சரக்குக்கு வேண்டிய அளவு மட்டும் கேளுங்கள்.

1,90,000 பற்றி. உங்கள் கணக்கில் இதை இப்போதைக்குப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள், வந்தால் வரவு. கேட்கவேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். அண்ணன் தம்பியிடம் கேட்டால் அது வீட்டு விஷயம். அண்ணி கேட்டால் பணத்திமிர் என்பார்கள். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் காட்டுங்கள். மாதம் 5,000 தரச் சொல்லட்டும், அதுவும் நேராக நகைக்கடன் கணக்கில் கட்டச் சொல்லட்டும். மாமியாரிடம் சதவீதமெல்லாம் பேசாதீர்கள். "அத்தை, அதுல எழுபது ரூபா இளம்பிள்ளைக்காரரோடது" என்று மட்டும் சொல்லுங்கள்.

சரக்கே இல்லாத கடைப் பயிற்சியில் எனக்குப் புரிந்தது இதுதான்: சரக்கு இன்னொருவருடையது, தரம் உங்கள் கையில் இல்லை, திட்டு மட்டும் உங்கள் நம்பருக்கு வரும். மூன்று வருடத்தில் சேலையைத் தொட்டுப் பார்த்தே நூல் சொல்லக் கற்றிருப்பீர்கள். அந்த ஒரு பலத்தையும் விட்டுவிட 45,000 கேட்கிறார்கள். கட்டிய 2,000ஐத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார்கள். இருந்தாலும் கேளுங்கள், கொழுந்தனாரிடம் கேட்பதற்கு முன் ஒரு பழக்கமாக இருக்கும்.